புதுவலசை: ஒரு குடியேற்ற ஊரின் பெயர்

புதுவலசை என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கடற்கரைச் சிற்றூர். இராமநாதபுரம் நகரத்துக்குக் கிழக்கே, பாக் நீரிணையை ஒட்டிய நிலப்பகுதியில் இது அமைந்துள்ளது. பனைக்குளம், அழகன்குளம், ஆற்றங்கரை, சித்தார்கோட்டை, அத்தியூத்து ஆகியவை இதன் அக்கம்பக்கத்து ஊர்கள். இந்த வட்டாரத்தில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழ்கின்றனர். தென்னையும் பனையும் மணற்பாங்கான நிலமும் இப்பகுதியின் அடையாளங்கள்.

தமிழ் ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை குளம், குன்று, மரம், கோயில், அரசன், தலைவன் என ஏதாவது ஒன்றைச் சுட்டி நிற்கும். 'புதுவலசை' அப்படியல்ல. வேறோர் இடத்திலிருந்து மக்கள் பெயர்ந்து வந்து தங்கிய செயலே இங்கே பெயராகியுள்ளது. புதிதாகக் குடிபெயர்ந்து வந்தோரின் இருப்பிடம் என்பதே இப்பெயரின் நேர்ப்பொருள்.

பெயரின் பொருள்

'புதுவலசை' என்பது புது, வலசை என்ற இரு சொற்களால் ஆனது. வலசை என்பதற்கு இடம்பெயர்தல், குடிபெயர்தல் என்பது பொருள். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பகைவர் படைக்கு அஞ்சியோ வேறு காரணங்களாலோ சொந்த ஊரை விட்டு அகலுவதை இச்சொல்லின் பொருளாகத் தருகிறது. தெலுங்கில் 'வலச', கன்னடத்தில் 'வலசெ' என இதே பொருளில் இச்சொல் வழங்குகிறது.

இன்றைய தமிழில் இச்சொல் பெரும்பாலும் விலங்குகளையும் பறவைகளையும் பற்றிப் பேசும்போதுதான் காதில் விழுகிறது. பறவைகள் வலசை போகின்றன, யானைகளின் வலசைப் பாதை மறிக்கப்படுகிறது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மனிதர்களைக் குறிக்க 'புலம்பெயர்தல்' என்ற சொல்லே பெருவழக்காகிவிட்டது. ஆனால் முன்பு வலசை மனிதர்களுக்கும் உரிய சொல்லாக இருந்தது. ஊரோடு, குடும்பத்தோடு, ஆடு மாடுகளோடு கிளம்பிப் போவது வலசை போதல். அந்தப் பழைய பொருள் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தாலும் ஊர்ப்பெயர்களில் அழியாமல் தங்கியிருக்கிறது.

வலையும் வலசையும்

புதுவலசை கடற்கரையை ஒட்டிய ஊர் என்பதால், வலசை என்ற சொல்லை மீன்பிடி வலையோடு இணைத்துப் பார்க்கத் தோன்றலாம். ஒலி ஒப்புமை தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. கடலே இல்லாத இடங்களிலும் வலசை ஊர்கள் இருப்பதே இதற்குச் சான்று. தென்காசிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் குத்துக்கல்வலசை என்ற ஊர் உள்ளது. ஈரோட்டில் பெரியவலசு என்ற பகுதி உள்ளது. கொங்கு வட்டாரத்தில் 'வலசு' என்று முடியும் சிற்றூர்கள் பல. காட்டையும் தோட்டத்தையும் ஒட்டிச் சில வீடுகள் சேர்ந்த குடியிருப்பை அங்கே வலசு என்பர். வலசையும் வலசும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனக் கருத இடமுண்டு. ஆகவே இச்சொல் சுட்டுவது தொழிலை அன்று, குடியமைந்த முறையையே ஆகும்.

செயல், இடப்பெயர் ஆன விதம்

வலசை என்பது முதலில் ஒரு செயலின் பெயர். பிறகு அச்செயலைச் செய்த கூட்டத்துக்குப் பெயராகி, இறுதியில் அக்கூட்டம் தங்கிய இடத்துக்குப் பெயராயிற்று. தமிழில் இது புதிய முறையன்று. 'குடி' என்ற சொல்லும் குடும்பம், குலம், மக்கள் என்ற பொருள்களிலிருந்து அவர்கள் வாழும் ஊருக்குப் பெயராக வளர்ந்தது. 'இருப்பு' என்ற செயல் 'குடியிருப்பு' என இடமானது. படை தங்கியதால் பாளையம் என்று பெயர்பெற்ற ஊர்கள், படை போன பின்பும் பாளையங்களாகவே நீடிக்கின்றன.

இத்தகைய பெயர்களில் கவனிக்க வேண்டிய ஒன்று, பெயரிட்டவர் யார் என்பது. ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் இருப்பிடத்தை 'வந்தேறிய இடம்' என்று தாங்களே அழைத்துக்கொள்வது அரிது. ஏற்கனவே அங்கு வாழ்ந்தவர்கள்தாம் 'அது வலசை வந்தவர்கள் இருக்கும் இடம்' என்று சுட்டியிருப்பர். அக்கம்பக்கத்தார் வாயில் வழங்கிய அடையாளம் நாளடைவில் வந்தவர்களின் சொந்தப் பெயராகி, பின்னர் வருவாய்த்துறைப் பதிவேட்டிலும் அஞ்சல் முகவரியிலும் ஏறிவிடுகிறது. பெயரில் உள்ள 'புது' என்ற அடையும் இதையே காட்டுகிறது. பழையது ஒன்று அருகில் இருந்தால்தான் புதியது என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

புதுவலசையின் சுற்றுப்புறத்தில் அந்தப் பழமைக்குக் குறைவில்லை. பக்கத்து ஊரான அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தியது. ரோமானியக் காசுகளும், மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மதுச் சாடிகளின் ஓடுகளும் அங்கே கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே அது கடல் வாணிகம் நடந்த துறைமுகம் என்பது இதனால் உறுதியானது. வைகை கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊர் ஆற்றங்கரை. ஆற்றின் பெயரையும் குளத்தின் பெயரையும் தாங்கிய பழைய ஊர்களுக்கு நடுவே, பின்னால் வந்து அமைந்த ஊர் 'புது' என்று அழைக்கப்பட்டதில் வியப்பில்லை.

வலசை என முடியும் பிற ஊர்கள்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிச் செல்லச் செல்ல நிலம் குறுகிக்கொண்டே போகிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இந்த நிலத்திலும் இதன் சுற்றுப்புறத்திலும் வலசை என முடியும் ஊர்கள் பல உள்ளன. புதுவலசையோடு பிரப்பன்வலசை, பழனிவலசை, மரவெட்டிவலசை முதலியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

இப்பெயர்களின் முற்பகுதி ஒரு வலசையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட உதவுகிறது. புதுவலசையில் அது காலத்தைக் குறிக்கிறது. மரவெட்டிவலசையில் தொழில் நினைவு தெரிகிறது. பழனிவலசையில் இருப்பது மக்களிடையே ஆட்பெயராகவும் வழங்கும் பெயர். பிற்பகுதியான வலசை எல்லாவற்றுக்கும் பொது. ஒரே வட்டாரத்தில் இத்தனை வலசைகள் இருப்பது, குடிபெயர்வு அங்கே ஒருமுறை மட்டும் நடந்த நிகழ்ச்சி அன்று, பலமுறை, பல கூட்டங்களாக நடந்தது என்பதை உணர்த்துகிறது.

இவற்றுள் பிரப்பன்வலசை சமய வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர். பாம்பன் சுவாமிகள் எனப்படும் குமரகுருதாச சுவாமிகள் 1894இல் இவ்வூரில் 35 நாள் தவம் இருந்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அதனால் முருக பக்தர்கள் இவ்வூருக்கு வந்து வழிபடுகின்றனர்.

குடியேற ஏற்ற நிலம்

இராமநாதபுரம் மாவட்டம் மழைக்குறைவான பகுதி. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மாவட்டத்தின் உட்பகுதியில் வேளாண்மை கண்மாய்களை நம்பியது. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் பஞ்சம் என்பதே நெடுங்கால நிலை.

கடற்கரை மணல்நிலம் இதிலிருந்து வேறுபட்டது. மணலில் விழும் மழைநீர் ஓடி வீணாகாமல் கீழே இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாகத் தேங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அது மேலே நிற்கிறது. சில அடி ஆழத்துக்கு மணலைத் தோண்டினாலே குடிக்கத்தக்க நீர் ஊறும். இதை ஊற்று என்பர். ஆழமாகத் தோண்டினாலோ மிகுதியாக இறைத்தாலோ உப்பு மேலேறிவிடும். ஆகவே சிறு குடும்பங்கள் சிறிதளவு நீரெடுத்து வாழ ஏற்ற நிலம் இது. பெரிய பாசனத்துக்கு இங்கே வழியில்லை.

பனை இந்த நிலத்தின் இன்னொரு துணை. ஓலை கூரையாகும், பாயாகும், நீர் இறைக்கும் பட்டையாகும். பதநீர் கருப்பட்டியாகும். கிழங்கும் நுங்கும் உணவாகும். மரம் வீட்டுக்கு உத்தரமாகும். ஊரை விட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களும் ஊற்று நீர், பனை, கடல் ஆகிய மூன்றையும் கொண்டு முதல் சில ஆண்டுகளைத் தள்ளிவிட முடியும். கண்மாய்ப் பாசனம் உள்ள ஊரில் புதிதாக வந்தவருக்கு நிலமும் நீர்ப்பங்கும் எளிதில் கிடைக்காது. அவை அங்கே ஏற்கனவே பங்கிடப்பட்டிருக்கும். மணற்கரையில் அந்த நெருக்கடி குறைவு. வலசை ஊர்கள் இந்தப் பகுதியில் மிகுந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

நொச்சியூருணி, இரட்டையூருணி போன்ற அண்டை ஊர்ப்பெயர்களும் குடிநீரை வைத்தே அமைந்தவை. ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. நீர் கிடைத்த இடத்தில் ஊர் தோன்றியது என்பதை அப்பெயர்கள் சொல்கின்றன. மக்கள் வந்த இடத்தில் ஊர் தோன்றியது என்பதை வலசைப் பெயர்கள் சொல்கின்றன.

குடிபெயர்வுக்கான காரணங்கள்

அகராதி குறிப்பிடும் 'படைக்கு அஞ்சி அகலுதல்' இவ்வட்டாரத்துக்கு அந்நியமன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் முத்துக்குளிக்கும் கரையில் ஆதிக்கம் செலுத்தினர். மண்டபத்துக்கு அருகில் உள்ள வேதாளையில் 1549இல் நடந்த மோதலில் இயேசு சபைத் துறவி அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். 17ஆம் நூற்றாண்டு முதல் சேதுபதி மன்னர்களின் ஆட்சி வலுப்பெற்றது. கிழவன் சேதுபதி (1678-1710) தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார். 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் இராமநாதபுரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றின. 1795இல் முத்துராமலிங்க சேதுபதி பதவி நீக்கப்பட்டார். இவ்வாறான காலங்களில் கோட்டைக்கும் பெருவழிக்கும் அருகில் இருந்த குடிகள் ஒதுக்குப்புறமான இடங்களை நாடுவது இயல்பு.

பஞ்சமும் மக்களைக் கிளப்பியது. 1876-78இல் சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சம் அவற்றுள் கொடியது. இவற்றோடு கடல் அரிப்பு, புயல், மணல் மூடுதல், கொள்ளை நோய் ஆகியவையும் ஊரைக் காலிசெய்யச் செய்தன. அச்சத்தால் மட்டுமின்றி நம்பிக்கையாலும் மக்கள் பெயர்ந்தனர். சங்கு, முத்து, உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றின் வாணிகம் இக்கரைக்கு ஆட்களை ஈர்த்தது. மண்டபம் அருகே உள்ள மரைக்காயர்பட்டினத்தின் பெயர், கப்பலோட்டி வாணிகம் செய்த மரைக்காயர்களை நினைவூட்டுகிறது.

மாறாத 'புது'

பெயரில் உள்ள 'புது' என்ற அடை, ஊர் பழையதான பின்பும் மாறுவதில்லை. இதே மாவட்டத்தில் புதுமடம் என்ற ஊர் உள்ளது. தமிழகம் எங்கும் புதுக்குடி, புதுப்பட்டி, புதுக்கோட்டை என்ற பெயர்கள் பரவிக் கிடக்கின்றன. இவற்றில் நூற்றாண்டுகளைக் கடந்த ஊர்கள் பல.

வேறு மொழிகளிலும் நாடுகளிலும் இதே பொருளுடைய பெயர்கள் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் 'கொத்தவலச' என்ற ஊர் உள்ளது. தெலுங்கில் 'கொத்த' என்றால் புதிய. ஆகவே கொத்தவலச என்பது சொல்லுக்குச் சொல் புதுவலசையே. வட ஆந்திரத்தில் வலச என முடியும் ஊர்கள் நிறைய. ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் ஆமதாலவலச மற்றொரு எடுத்துக்காட்டு. இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்பு என்ற ஊர் உள்ளது. பொருளில் அதுவும் புதுவலசைக்கு நெருங்கிய உறவு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரின் பெயர் 'நியாப்போலிஸ்' என்ற கிரேக்கப் பெயரின் திரிபு. புதுநகரம் என்பது அதன் பொருள். கிரேக்கக் குடியேறிகள் அமைத்த அந்நகரம் 2000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. பெயர் இன்றும் அதைப் புதிது என்றே அழைக்கிறது.

அண்டை ஊர்ப்பெயர்களுடன் ஓர் ஒப்பீடு

இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள ஊர்ப்பெயர்கள் பலவற்றுக்குக் கதைகள் உண்டு. பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற இரண்டு ஊர்கள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி, யாத்திரிகர்களிடம் கட்டணம் வாங்கிய குற்றத்துக்காகத் தன் மருமகனுக்கே மரண தண்டனை விதித்தார் என்றும், அவரை மணந்திருந்த மன்னரின் மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினர் என்றும், அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே ஊர்களுக்குப் பெயர் தந்தன என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மண்டபம் என்ற ஊர்ப்பெயர் கட்டடத்தைச் சுட்டுகிறது. தனுஷ்கோடி இராமாயணக் கதையின்படி இராமனின் வில் நுனியைச் சுட்டுகிறது.

அரசரும் இறைவனும் இடம்பெறும் இத்தகைய பெயர்க்கதைகள் நூல்களில் பதிவாகி, யாத்திரிகர்களிடம் பரவி, எளிதில் நிலைபெறுகின்றன. 1946இல் வெளிவந்த ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' போன்ற நூல்கள் ஊர்ப்பெயர்களை வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் வழக்கத்தைத் தமிழ் வாசகரிடையே வளர்த்தன. அரண்மனையோ கோயிலோ இல்லாத குடியேற்றச் சிற்றூர்களுக்கு அத்தகைய பெருங்கதைகள் வாய்ப்பதில்லை. அவற்றின் வரலாற்றில் எஞ்சி நிற்கும் முதல் ஆவணம் பல வேளைகளில் அவற்றின் பெயர்தான். எவரோ சிலர் ஏதோ ஒரு நெருக்கடியில் பிறந்த ஊரை விட்டு வந்தனர், இங்கே தங்கினர் என்ற செய்தியை 'வலசை' என்ற மூன்றெழுத்துச் சொல் காத்து வைத்திருக்கிறது.

பிற்கால வலசைகள்

வலசை என்ற பெயரில் புதிய ஊர்கள் தோன்றுவது நின்றுவிட்டது. ஆனால் இக்கரையில் குடிபெயர்வு நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபத்தில் அமைந்த முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் கப்பலேற்றப்பட்டனர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகைசெய்தது. அவர்களில் மிகப் பலர் இதே கரை வழியாகத் திரும்பினர். 1983க்குப் பின் இலங்கைப் போரிலிருந்து தப்பிய தமிழர்கள் படகுகளில் வந்து இறங்கியதும் இங்கேதான். மண்டபம் முகாம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. இன்று 'மண்டபம் கேம்ப்' என்பது ஓர் இரயில் நிலையத்தின் பெயரும் ஆகும். முன்பு வலசை என்ற சொல் நின்ற இடத்தில் இப்போது கேம்ப் என்ற சொல் நிற்கிறது. தற்காலிகத் தங்கலைக் குறித்த சொல் நிரந்தர இடப்பெயராகும் முறை மட்டும் மாறவில்லை.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் அலையில் சிக்கி, அதிலிருந்த 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. உயிர் தப்பியவர்கள் இராமேசுவரம் தீவின் பிற பகுதிகளில் குடியேறினர். பழைய வழக்கு நீடித்திருந்தால் அவர்கள் தங்கிய இடமும் ஒரு வலசை என்றே பெயர் பெற்றிருக்கும்.

பெயர் தரும் செய்தி

இராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய இடங்களில் பறவைகள் சரணாலயங்கள் உள்ளன. மழைக்காலத்தில் கண்மாய்கள் நிறைந்ததும் அங்கே பறவைகள் வலசை வருகின்றன, நீர் வற்றியதும் திரும்பிப் போகின்றன. மனித வலசை அப்படித் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டதன் விளைவே புதுவலசை போன்ற ஊர்கள். இப்பகுதி இளைஞர்கள் பலர் இன்று வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் வேலை செய்கின்றனர். பிழைப்புக்காக அவர்கள் கடல் கடந்து போகும்போது, தங்கள் முகவரியில் எழுதும் 'சொந்த ஊர்' பெயரிலேயே முன்னோரின் பயணமும் எழுதப்பட்டிருக்கிறது.

யார் இந்த மண்ணுக்கு முந்தியவர், யார் பிந்தி வந்தவர் என்ற வாதம் எந்த ஊரிலும் எழக்கூடியது. வலசை ஊர்களில் அதற்கான விடை பெயர்ப் பலகையிலேயே உள்ளது. அங்கு வாழும் எல்லாருடைய முன்னோரும் ஒரு காலத்தில் வந்தவர்களே. வந்த இடத்தில் ஊற்றுத் தோண்டி, பனையோலைக் குடிசை கட்டி, இறந்தோரை அடக்கம் செய்து, பிள்ளைகளை வளர்த்ததன் மூலம் அவர்கள் அந்த இடத்தைத் தங்கள் ஊராக்கிக் கொண்டனர்.